நிழல் தீட்டுவதற்கு முன்: ஓவிய வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களின் ஓவியங்களில் தென்படும் பிழைகளுள் பெரும்பாலானவை, அளவைச் சரிபார்த்து முடிக்கும் முன்பே அழகுபடுத்தத் தொடங்கிவிடுவதால் நேர்பவை. முகம் வரையும் மாணவர் ஒரு கண்ணில் தொடங்கி, இமைமயிர்களையும் கருவிழியின் பளபளப்பையும் தீட்டி முடித்த பிறகே மூக்குக்கு வருகிறார். கடைசியில் தலை தாளுக்குள் அடங்குவதில்லை, அல்லது இரு கண்களும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. ஆனால் அவ்வளவு உழைப்பில் பிறந்த கண்ணை அழிக்க மனம் வருவதில்லை. உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் ஏறத்தாழ நடுவிலேயே கண்கள் அமைந்திருக்க, நெற்றியையும் முடியையும் பொருட்படுத்தாத மாணவர்கள் அவற்றை மேலே ஏற்றிவிடுவதால் மண்டை சிறுத்துப்போகிறது. தலையின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் மெல்லிய கோடுகளால் முதலில் குறித்துக்கொண்டு, முழங்கையை மடக்காமல் பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி விகிதங்களை அளந்தபின் விவரங்களுக்குச் செல்வதே சரியான வரிசை.

பொருள்களை வரையும்போது தவறு வேறு வடிவில் வருகிறது. மேசைமீதுள்ள சொம்பின் வாயை நீள்வட்டமாக வரையும் மாணவர், மேசை தட்டையானது என்று அறிந்திருப்பதால் அடிப்பகுதியை நேர்கோடாக இழுத்துவிடுகிறார். கண்மட்டத்திலிருந்து கீழே இறங்க இறங்க வட்டங்கள் மேலும் அகன்று தெரியும் என்பதால், அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும். பாதி தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டம்ளரைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் விளிம்பு வெறும் கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்கினால், விளிம்பு, நீர்மட்டம், அடி ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவில் விரிவதைக் காணலாம். நீள்வட்டத்தின் இரு முனைகளையும் கூராக முடிப்பதும் பரவலான பிழை. அவை எவ்வளவு ஒடுங்கினாலும் வளைந்தே திரும்ப வேண்டும்.

கைபேசியிலுள்ள நடிகர் படத்தின்மீது கட்டம் போட்டு, அதைத் தாளுக்கு மாற்றுவது இன்று மாணவர்களிடையே மிகப் பிரபலம். கட்டம் போடுவதில் குற்றமில்லை. சென்னையின் சினிமா பேனர் ஓவியர்களும் அவ்வாறே படங்களைப் பெரிதாக்கினர், ஆனால் முகத்தின் அமைப்பு அவர்கள் கைக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. மிக அருகிலிருந்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்தும் காதுகள் சிறுத்தும் தெரியும். நேரில் பார்த்து வரைந்து பழகாதவர் அந்தத் திரிபையும் உண்மையென நம்பிப் படியெடுப்பார். ஆகவே, வாரத்தில் சில ஓவியங்களையாவது எதிரில் இருக்கும் பொருளையோ ஆளையோ பார்த்தே வரைய வேண்டும்.

நிழல் தீட்டும்போது விரலால் தேய்ப்பதை விட்டுவிடுவது நல்லது. விரலின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தாளில் படிந்து திட்டுகளை உண்டாக்கும். பின்னர் அழிப்பானுக்கும் அவை எளிதில் அகலா. நடுத்தரக் கருமையுள்ள எச்பி பென்சில் ஒன்றையே அழுத்தி அழுத்திக் கருமை வரவழைத்தால் கிடைப்பது பளபளப்பான சாம்பல் நிறமே; அடர்ந்த பகுதிகளுக்கு மென்மையும் கருமையும் கூடிய 4பி, 6பி பென்சில்கள் தேவை.

ஒளி ஊடுருவாத போஸ்டர் கலரில் பழகிய கை நீர்வண்ணத்துக்கு வரும்போது, வெளிச்சத்துக்கு வெள்ளையையும் நிழலுக்குக் கறுப்பையும் தேடுகிறது. ஒளி ஊடுருவும் நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையே வெளிச்சம் என்பதால், அந்த இடங்களை முன்கூட்டியே தீர்மானித்துத் தீட்டாமல் விட வேண்டும். நிழலுக்கு அல்ட்ராமரீன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் என்னும் அடர்பழுப்பைக் கலந்தால், கறுப்பின் மந்தத்தன்மை இல்லாத அடர்நிறம் கிடைக்கும். பாதி உலர்ந்த பூச்சின்மீது ஈரத் தூரிகையை மீண்டும் வைத்தால் திட்டுத்திட்டாகப் பரவிவிடும்; முழுவதும் காயும்வரை காத்திருக்க வேண்டும், ஓவியப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்ளும் பள்ளிகளில் இது கடினமே என்றாலும்.

தாளை மேசைமீது படுக்கவைத்து வரைவதால் விளையும் கோணலைப் பலர் கவனிப்பதில்லை. தாளின் மேற்பகுதி கண்ணிலிருந்து விலகிச் சுருங்கித் தெரிவதால், அதை ஈடுகட்டக் கை தானாகவே உருவத்தை நீட்டிவிடுகிறது. நிமிர்த்திப் பார்க்கும்போதுதான் குடத்தின் கழுத்து நீண்டிருப்பது புலப்படும். வரைபலகையின் கீழ் விளிம்பை மடியிலும் பின்புறத்தை மேசை விளிம்பிலும் சாய்த்து வைத்தால் இந்தக் கோணல் பெரிதும் குறையும்.