கிம்ச்சி சாப்பிடும்போது செய்யக்கூடாத தவறுகள்

கிம்ச்சி குடலுக்கு நல்லது என்று கேள்விப்பட்டதும் கிண்ணம் நிறையச் சாப்பிட ஆரம்பிப்பதுதான் பெரிய தவறு. கொரியாவில் அது சோற்றோடு தொட்டுக்கொள்ளச் சின்னத் தட்டில் வைக்கும், புளிக்கவைத்த முட்டைக்கோஸ் பதார்த்தம். முட்டைக்கோஸை முதலில் உப்பில் ஊறவைத்து அலசுகிறார்கள், அப்புறம் பூண்டு, இஞ்சி, மிளகாய்த்தூளோடு சேரும் உப்பிட்ட இறாலிலும் மீன் சாற்றிலும் மறுபடி உப்பு, ஆக 100 கிராம் கிம்ச்சியில் 500 மில்லிகிராம் சோடியம் இருப்பது சாதாரணம். நாள் முழுவதற்குமே 2,000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் தயவுசெய்து இந்தக் கணக்கைப் பாருங்கள்.

நார்ச்சத்து உண்டு, கலோரி மிகக் குறைவு, எல்லாம் சரி. ஆனால் பலரும் தேடுவது கிம்ச்சியைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களை, அவை சூட்டில் செத்துவிடும். கிம்ச்சி போட்டுக் கொதிக்கவைக்கும் ஜிகே குழம்பு அருமையான சாப்பாடு, நன்றாகப் புளித்த பழைய கிம்ச்சிக்கு அதைவிட நல்ல வழி இல்லை, ஆனால் உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் கொஞ்சம் பச்சையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். வினிகர் ஊற்றிப் புளிப்பாக்கியதும், சூடாக்கி அடைத்து வெளி அலமாரியில் வைத்திருப்பதும் இதற்கு உதவாது.

வீட்டில் செய்பவர்கள் பாட்டிலை விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூடாதீர்கள், புளிக்கும்போது கரியமில வாயு கிளம்பும், கண்ணாடி வெடிக்கக்கூட வாய்ப்புண்டு. காய் எப்போதும் சாற்றுக்குள் அமுங்கி இருக்கட்டும். வெளியே ஓரிரு நாள் வைத்தபின் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுங்கள், அங்கேயும் மெதுவாகப் புளித்துக்கொண்டேதான் இருக்கும். புளிப்பு ஏறியதற்காகத் தூக்கி எறிய வேண்டாம், ஆனால் பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை படர்ந்திருந்தால் மேலே மட்டும் வழித்துவிட்டுச் சாப்பிடவும் கூடாது, மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

முட்டைக்கோஸ்தானே என்று சைவம் சாப்பிடுபவர்கள் கேட்காமல் வாங்கிவிடுகிறார்கள். மீன், இறால் இல்லாமல் செய்ததா என்று கேட்டே வாங்குங்கள். இன்னொன்று, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள்: கிம்ச்சியில் வைட்டமின் கே இருக்கிறது, திடீரென்று தினமும் நிறையச் சாப்பிட்டால் மருந்தின் வேலை குறையலாம், அதனால் ஆரம்பிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.