விளிம்பு தளர்ந்த துணிக் கிண்ணத்தை நிமிர்த்திய விதம்

வண்ணம் தீட்டிய பருத்தித் துணியை வெள்ளைப் பசையில் நனைத்து, ஒரு கிண்ணத்தின் மேல் போர்த்திக் காயவைத்து நான் செய்த அலங்காரக் கிண்ணம், ஈரக்காற்று வீசிய நாட்களில் வாடிய இலை போல ஓரம் மடங்க ஆரம்பித்தது. அடிப்பகுதி மட்டும் விறைப்பாகவே இருந்தது.

பி.வி.ஏ. வகை வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகும். அதிலும் விளிம்புக்குத் தாங்கிப் பிடிக்க எதுவும் கிடையாது, அதனால் முதலில் தொய்வது அதுதான்.

அதே இளக்கத்தைச் சரிசெய்யவும் பயன்படுத்திக்கொண்டேன். ஓரத்தில் மட்டும் தண்ணீர் தெளித்தேன். கொஞ்ச நேரத்தில் துணி வளைந்து கொடுத்தது. மெல்லிய செப்புக் கம்பியை வட்டமாக வளைத்து ஓரத்தில் வைத்து, அதன்மேல் துணியை ஒரு சென்டிமீட்டர் உள்பக்கமாக மடித்துப் பசை தடவி, துணி கிளிப்புகளால் கவ்வி வைத்தேன். அப்புறம் பிளாஸ்டிக் தாள் சுற்றிய அச்சுக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்து முழுதாகக் காயவிட்டேன். தாள் இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளும்.

தீட்டியது அக்ரிலிக் வண்ணம், அதனால் தண்ணீர் பட்டும் கரையவில்லை. போஸ்டர் வண்ணமாக இருந்தால் இந்த வழி வேண்டாம், கோலமெல்லாம் கலைந்துவிடும்.

கடைசியாக உள்ளும் புறமும் அக்ரிலிக் வார்னிஷ், மெல்லிய பூச்சாக இரண்டு முறை. மடிப்பின் இடுக்கில் தூரிகை நுனியை விட்டுத் தடவுங்கள். ஈரம் நுழைவது அங்கேதான். இப்போது விளிம்பைச் சுண்டினால் டக்கென்று சத்தம் கேட்கிறது. உலர்ந்த பூ, பொத்தான், நூல்கண்டு எல்லாம் தாராளமாகப் போடலாம், தண்ணீர் மட்டும் ஊற்றக் கூடாது.