மோதும் பேரடைகளில் தூசு எங்கே? வீட்டுக் கணினியிலேயே வரைபடம் போடலாம்

வைகாசி முன்னிரவில் யாழ்ப்பாணத்தில் தெற்கே நல்ல உயரத்தில் தெரியும் அத்த நட்சத்திரக் கூட்டத்தில்தான் அன்டெனா எனப்படும் இரு பேரடைகள் (காலக்ஸிகள்) மோதிக்கொண்டிருக்கின்றன. சுமார் 7 கோடி ஒளியாண்டு தூரம், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பைத்தான் நிரல்மொழியும் அதன் வானியல் நிரல்தொகுப்பான ஆஸ்ட்ரோபையும் கணினியில் இருக்கிறதென்று வைத்துக்கொள்கிறேன்.

விண்வெளித் தொலைநோக்கிப் படங்களைச் சேமித்து வைத்திருக்கும் மாஸ்ட் இணையதளத்தில், ஹபிள் தொலைநோக்கி வடிகட்டிகள் வழியே எடுத்த எஃப்435டபிள்யூ (நீலம்), எஃப்814டபிள்யூ (சிவப்புக்கு அப்பால்) படங்களை இறக்குங்கள். ஃபைல்கள் பெரியவை, இரவு டேட்டா இருப்பவர்கள் இரவில் இறக்குவது நல்லது. இரண்டையும் ரீப்ராஜெக்ட் என்ற பைத்தான் நிரல்தொகுப்பைக் கொண்டு ஒரே பிக்சல் கட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தூசு நீலத்தைத்தான் அதிகம் மறைக்கும். ஆகவே நீலத்தைச் சிவப்பால் வகுத்து, மடக்கை எடுத்து, −2.5 ஆல் பெருக்கினால், எண் கூடிய இடத்தில் தூசு அதிகம் என்று கொள்ளலாம். வயதான விண்மீன்களும் சிவப்புத்தான், அதையும் மறக்க வேண்டாம்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இனித்தான். வானப் பின்னணி முன்பே கழிக்கப்பட்ட படங்கள் இவை. ஆனால் பேரடை படம் முழுக்கப் பரவியிருப்பதால் அதன் ஒளியும் சேர்ந்து கழிந்திருக்கலாம். அப்போது இருண்ட பட்டைகளில் எண் பூச்சியத்துக்குக் கீழே போகும். மடக்கை எடுத்தால் அந்த இடம் வெற்றாகிவிடும். தூசே இல்லாததுபோலத் தெரியும் அந்த ஓட்டைகளில்தான் தூசு ஆக அடர்த்தி! பேரடைக்கு வெளியே, மூலையில் ஒரு பெட்டி போட்டு இடைநிலை (மீடியன்) எடுத்துப் பாருங்கள். அது மறை எண்ணாக இருந்தால், குறியை விட்டுவிட்டு அந்த அளவைப் படம் முழுவதற்கும் கூட்டுங்கள்.

இதைப் பார்க்க டிஎஸ்9 என்ற வானியல் பட மென்பொருள் போதும். படம் திருத்தும் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள், அவை எண்ணைக் கெடுத்துவிடும்.

சரிபார்க்க ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் 8 மைக்ரோமீட்டர் படத்தை எடுங்கள், அதில் தூசு ஒளிரும். இரு பேரடைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி ஹபிளில் இருட்டு, இதில் பளிச். ஸ்பிட்சரின் கூர்மை சுமார் 2 வில்விநாடிதான் (வில்விநாடி என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு). ஆகவே ஹபிளின் இரு படங்களையும் தனித்தனியே மங்கலாக்கி, அப்புறம்தான் வகுக்க வேண்டும். மங்கலாக்க உதவும் ஆஸ்ட்ரோபையின் காஸியன் கருவுக்கு, அரை உயரத்தில் உள்ள முழு அகலத்தை (இங்கே அந்த 2 வில்விநாடி) அல்ல, அதை 2.355 ஆல் வகுத்ததைக் கொடுங்கள். 0.05 வில்விநாடிப் பிக்சலில் அது சுமார் 17 வரும்.

பின்சேர்க்கை: படம் வெறுமையாக வருகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஹபிள் ஃபைலில் பூச்சியமாம் பகுதியில் தலைப்பு மட்டுமே இருக்கும், படம் 1ஆம் பகுதியில். ஸ்பிட்சரில் பூச்சியத்திலேயே இருக்கும்.