லேசரால் ஒரு மணியைப் பிடிப்பது எப்படி?

ஒளி இடுக்கி (குவித்த லேசர் ஒளியால் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளை, அதாவது மணிகளை, பிடித்து வைக்கும் கருவி) கட்டப் போகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, எத்தனை வாட் லேசர் வாங்கலாம் என்றுதான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் காசை நுண்ணோக்கியின் ஆப்ஜெக்டிவ் லென்ஸில் போடுங்கள். என்.ஏ. (லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியைக் குவிக்கும் என்று காட்டும் எண்) 1.2 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஒளி மணியை முன்னால் தள்ளவும் செய்யும், வெளிச்சம் செறிந்திருக்கும் குவியத்தை நோக்கி இழுக்கவும் செய்யும். பின்னோக்கி இழுக்கும் வேலையைச் செய்வது, லென்ஸின் ஓரத்திலிருந்து நன்றாகச் சாய்ந்து வரும் கதிர்கள்தான். அதனால் பீமை விரித்து லென்ஸின் பின்பக்கத் துளையை முழுக்க நிரப்புங்கள், ஓரத்தில் கொஞ்சம் வீணானாலும் பரவாயில்லை. இதைச் செய்யாமல் பவரை மட்டும் ஏற்றினால் மணி மாட்டாது, தள்ளிக்கொண்டு போய்விடும்.

அலைநீளம் 1064 நானோமீட்டர் எடுங்கள். பெல் ஆய்வகத்தில், ஒளி இடுக்கியைக் கண்டுபிடித்த ஆர்தர் ஆஷ்கின் பாக்டீரியாவைப் பிடித்தபோது பச்சை லேசரில் அவை செத்துப்போயின. அகச்சிவப்புக்கு மாறியதும் பிழைத்தன, 1987இல் அதை வெளியிட்டார். (நோபல் பரிசு வந்தது 2018இல், அவருக்கு 96 வயதில்!) ஆனால் இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், ஐபீஸில் கண்ணை வைக்கவே வேண்டாம், கேமராவில் பாருங்கள்.

1 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் மணிகள் பால் மாதிரி வரும். வெறும் தண்ணீர் போலத் தெரியும்வரை நீர்க்க வையுங்கள், இல்லையென்றால் ஒன்று மாட்டியதும் இரண்டாவது வந்து ஒட்டிக்கொள்ளும். ஸ்லைடு, இருபக்க டேப், கவர்ஸ்லிப், ஓரத்தில் நெயில் பாலிஷ், சரி, மணிகள் மிதக்கும் சிற்றறை தயார்.

குவியத்தைக் கண்ணாடியிலிருந்து 5 மைக்ரோமீட்டர் தள்ளி வைத்துவிட்டு, ஸ்டேஜை (ஸ்லைடு வைக்கும் மேடையை) நகர்த்தி மணியை அருகே கொண்டுவாருங்கள். சட்டென்று உள்ளே தாவும். இப்போது ஸ்டேஜை மெல்ல ஆட்டினால் மற்ற மணிகள் நகர வேண்டும், இது மட்டும் நிற்க வேண்டும். ஸ்டேஜோடு சேர்ந்து போனால் அது கண்ணாடியில் ஒட்டிய மணி.

பிடியின் விறைப்பை அளக்க அந்த மணியின் நடுக்கமே போதும். அறை வெப்பத்தில் வெப்ப ஆற்றலான 4.1 பிக்கோநியூட்டன்-நானோமீட்டரை, மணியின் இருப்பிடத்தின் மாறுபாட்டெண்ணால் (திட்டவிலக்கத்தின் வர்க்கத்தால்) வகுங்கள். திட்டவிலக்கம் 10 நானோமீட்டர் என்றால் மாறுபாட்டெண் 100, விறைப்பு நானோமீட்டருக்கு 0.041 பிக்கோநியூட்டன். மெதுவான கேமராவில் எடுத்தால் நடுக்கம் மழுங்கி விறைப்பு அதிகமாகக் காட்டும், எக்ஸ்போஷரைக் குறையுங்கள்.