பிரான்ஸ் போய் இரவு பார்சல் டிரெய்லர் ஓட்ட நினைக்கும் புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு

சார்செல், கார்ஜ், லா கூர்னேவ் என்று பாரிஸைச் சுற்றி நம்மவர்கள் இருக்கும் ஊர்களில் போய் இறங்கியதும் காதில் விழும் வேலைகள் மூன்றுதான்: ரெஸ்டாரண்ட், கிளீனிங், டெலிவரி வேன். இங்கே பத்து வருஷம் ஹெவி ஓட்டியவர்கள்கூட அதில் ஒன்றில் நுழைந்து அப்படியே தங்கிவிடுகிறார்கள். இரவில் பார்சல் ஏற்றிப் போகும் டிரெய்லர் வேலையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) குடும்பத்தில் சம்பந்தம் செய்து விசாவில் போகிறவர்கள், பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தும் இப்போதுதான் முதல்முறையாகப் போகிறவர்கள், இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் ஓய்வு வாங்கிக்கொண்டு முத்தியால்பேட்டைக்குத் திரும்பிவிட்டேன். "மாமா, இவன் கடலூர் சிப்காட்டுல டிரெய்லர் ஓட்டுறான், அங்க போனா வேலை கிடைக்குமா?" என்று யாராவது ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தபடிதான் இருக்கிறார்கள். கிடைக்கும். ஆனால் ஸ்டியரிங்கில் நமக்கு இருக்கும் கைத்திறமையை அங்கே யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. காகிதமும் கடிகாரமும்தான் கேட்கிறார்கள்.

வேலை என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். மாலையில் கடலூரில் புக்கிங் ஆன பார்சலை ஏற்றிக்கொண்டு கிளம்பும் லாரி விடிவதற்குள் சென்னையில் இறக்கிவிடும் இல்லையா, அதேதான். ஆனால் அங்கே பெரும்பாலும் ஒரே ஆள் முழுத் தூரமும் போவதில்லை. பாரிஸிலிருந்து லியோன் ஏறக்குறைய 465 கிலோமீட்டர். லாரிக்கு ஆட்டோரூட் என்ற விரைவுச் சாலையில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர். போய்த் திரும்ப ஒரு இரவு போதாது. அதனால் பாரிஸ்காரர் ஒரு டிரெய்லரோடு தெற்கே வருவார், லியோன்காரர் ஒன்றோடு வடக்கே வருவார், ஏ6 சாலையில் ஒசேர் (Auxerre), போன் (Beaune) என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவில் ஓரிடத்தில் டிரெய்லர்களை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்புவார்கள். இதற்கு ரிலே என்று பெயர். லில், ரூவான், ரென் என்று எல்லாத் திசையிலும் இப்படி ஓடுகிறது. வாரக்கணக்கில் கேபினிலேயே படுத்துக் கிடக்கும் நெடுந்தூர வேலையில் பேட்டா கொஞ்சம் கூடும்தான். ஆனால் புதிதாகக் குடும்பத்தோடு போகிறவருக்கு நான் ரிலேயைத்தான் சொல்வேன். காலையில் குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் படுக்கலாம்.

இனி காகிதம். துணைவர் விசாவில் போகிறவர்கள் இறங்கிய 3 மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிசெய்தாக வேண்டும். அது இல்லாமல் மற்ற எதுவும் நகராது. அடுத்தது லைசென்ஸ். பிஒய்-01 ஆகட்டும், டிஎன்-31 ஆகட்டும், நம்மூர் லைசென்ஸில் அங்கே குடியேறிய நாளிலிருந்து ஒரு வருஷம்தான் ஓட்டலாம், அதுவும் மொழிபெயர்ப்போ இன்டர்நேஷனல் பெர்மிட்டோ கூட இருந்தால். பிறகு அது செல்லாது. மாற்றித் தரவும் மாட்டார்கள், புதிதாகத் தேர்வு எழுதித்தான் வாங்க வேண்டும். 'இங்கதான் ஹெவி இருக்கே' என்று அந்த ஒரு வருஷத்தைக் கோட்டை விட்டவர்கள் ஏராளம். அந்த ஒரு வருஷத்திலும் நம்மூர் ஹெவி லைசென்ஸை மட்டும் வைத்து லாரியில் சம்பளத்துக்கு ஏற முடியாது. தொழில் டிரைவருக்கு ஃபிமோ என்ற 140 மணி நேரப் பயிற்சி கட்டாயம்.

வரிசை இப்படிப் போகும். முதலில் கோட், அதாவது சாலை விதித் தேர்வு: 40 கேள்வியில் 35 சரியாக இருக்க வேண்டும், கட்டணம் 30 யூரோ. கேள்வி பிரெஞ்சில் வரும், கடிகாரமும் ஓடும். புதுச்சேரியில் இருக்கும்போதே அலியான்ஸ் ஃபிரான்சேஸில் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்துவிடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். பிறகு கார் லைசென்ஸான பி, அரசு அங்கீகாரம் பெற்ற டாக்டரிடம் உடல் சோதனை, லாரிக்கான சி, டிரெய்லருக்கான சிஇ, கூடவே ஃபிமோ. தனித்தனியாகப் பணம் கட்டினால் கை சுட்டுவிடும். பி கையில் வந்ததும் ஃபிரான்ஸ் திராவாய் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, சரக்கு வாகன ஓட்டுநருக்கான தொழில் சான்றிதழ்ப் பயிற்சிக்கு நிதி கேளுங்கள். லைசென்ஸும் ஃபிமோவுக்கு ஈடான தகுதியும் அந்த ஒரே பயிற்சியில் கிடைத்துவிடும். டிரைவர் பற்றாக்குறை இருக்கும் தொழில் என்பதால் இதற்கு நிதி கிடைக்க வாய்ப்பு அதிகம்.

புது லைசென்ஸுக்கு 6 புள்ளிதான் கொடுப்பார்கள். 12 ஆக 3 வருஷம் ஆகும். கையில் போனைப் பிடித்து ஓட்டினால் 135 யூரோ அபராதம், 3 புள்ளி போகும். புள்ளி தீர்ந்தால் லைசென்ஸே போய்விடும், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதது இன்னொன்று: எந்தப் பலகையும் இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வருபவருக்குத்தான் முதல் உரிமை, அது சின்னச் சந்திலிருந்து வரும் சைக்கிளாக இருந்தாலும். பெரிய வண்டிக்குச் சின்ன வண்டி ஒதுங்கும் என்ற நம்மூர் கணக்கைக் கன்னியக்கோயிலைத் தாண்டும்போதே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள். கிளீனரும் கிடையாது. 'வா வா வா, போதும்' என்று பின்னால் தட்டிச் சொல்ல ஆள் இல்லாமல், கண்ணாடியை மட்டும் பார்த்து சரக்கு ஏற்றி இறக்கும் நாற்பது கதவு உள்ள டாக்கில், சொன்ன எண்ணுள்ள கதவில் வண்டியைப் பின்னால் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் இறங்கிப் பாருங்கள். எத்தனை முறை இறங்கினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நம்மவர்கள் முதலில் திணறுவது கெஸ் மொபில் என்கிற காலுள்ள பெட்டியில். பார்சல் தொழிலில் அது நிறைய உண்டு. இறக்கி வைக்கும்போது ஏர் சஸ்பென்ஷனை உயர்த்தி, மூலைகளில் இருக்கும் பூட்டுகளைத் திறந்து, பெட்டிக்கு அடியில் மடங்கியிருக்கும் நாலு காலையும் ஒவ்வொன்றாக இழுத்து நிமிர்த்திக் கொக்கி போட வேண்டும். பிறகு சஸ்பென்ஷனை இறக்கினால் பெட்டி தன் காலிலேயே நிற்கும், வண்டி அடியிலிருந்து விலகும். அப்போது ஸ்டியரிங்கை ஒடிக்கவே கூடாது, பெட்டி முழுதாகத் தாண்டும் வரை நேராக முன்னால். கோணலாக எடுத்தால் சக்கரம் காலைத் தட்டும், பல டன் பெட்டி சாய்ந்துவிடும். ஜனவரி மாதக் குளிரில் அந்தக் கொக்கி உறைந்து போயிருக்கும். நல்ல கையுறையும் தலையில் மாட்டும் டார்ச்சும் முதல் சம்பளத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஏற்றிக்கொள்ளும்போது பூட்டு விழுந்த சத்தத்தை நம்பாதீர்கள். நாலு மூலைக்கும் நடந்து போய்க் கையால் தொட்டுப் பாருங்கள், கதவு சீல் எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து டாகோகிராஃப், அதாவது ஓட்டும் நேரத்தையும் ஓய்வையும் பதிவு செய்யும் மெஷின். இதில்தான் வேலை நிற்பதும் போவதும். உங்கள் பெயரில் ஒரு டிரைவர் கார்டு வரும், 5 வருஷம் செல்லும். வண்டியில் ஏறியதும் செருக வேண்டும். அண்ணன் தம்பியாக இருந்தாலும் கார்டை மாற்றிக் கொடுக்கக் கூடாது, அது குற்ற வழக்கு. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. பிரித்து எடுப்பதானால் முதலில் 15, பிறகு 30, அந்த வரிசையில் மட்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் 10. இரவு 12க்கும் காலை 5க்கும் இடையே கொஞ்சமாவது வேலை செய்திருந்தால், ஓட்டியது, ஏற்றியது எல்லாம் சேர்த்து அன்றைய வேலை 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

ரிலேக்காரர் கவனிக்க வேண்டிய இடம் இது. மூன்று மணி நேரம் போக, மூன்று மணி நேரம் திரும்ப. நடுவில் டிரெய்லர் மாற்ற அரை மணி ஆகிறது, அதையே ஓய்வு என்று நினைத்துத் திரும்பிவிட்டால், வீட்டுக்கு ஒன்றரை மணி தூரத்தில் நாலரை மணிக் கணக்கு உடைந்துவிடும். டிரெய்லர் மாற்றுவது வேலை, ஓய்வு இல்லை. மெஷினில் ஓட்டுவதற்குச் சக்கரம், மற்ற வேலைக்குச் சுத்தியல், ஓய்வுக்குக் கட்டில் என்று படங்கள் இருக்கும். மாற்றும்போது சுத்தியல், அது முடிந்த பிறகு கட்டில் போட்டு முழுசாக 45 நிமிடம். அந்த நேரத்தில் டெப்போவிலிருந்து போன் வந்து 'சீக்கிரம் வா' என்பார்கள். வரமாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லப் பழகுங்கள். போலீஸ் நிறுத்தினால் 56 நாள் கணக்கைப் பார்ப்பார்கள், அபராதச் சீட்டில் போன் செய்தவர் பெயர் இருக்காது.

டாக்கில் ஏற்றும்போது முதலாளி மனம் குளிரட்டும் என்று கட்டிலைப் போட்டு வைக்கும் நல்ல மனசுக்காரர்கள் நம்மில் அதிகம். ஏற்றுவதும் பேப்பர் பார்ப்பதும் சம்பள நேரம். கட்டில் போட்டால் சட்டமும் மீறப்படுகிறது, சம்பளமும் போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் புது ஆட்களுக்கு இதை 'வழக்கம்' என்றே சொல்லிக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அனுபவம் சேரும் வரை இருந்துவிட்டு வேறு இடம் பாருங்கள்.

சம்பளச் சீட்டைக் கையில் வாங்கியதும் மூன்று வரிகளைத் தேடுங்கள். இரவு 9 முதல் காலை 6 வரையிலான மணிகளுக்குத் தொழில் ஒப்பந்தப்படி 20 சதவீத இரவுப் படி வந்திருக்கிறதா, 35 மணிக்கு மேலான மணிகளுக்கு 25 சதவீதம் கூடியிருக்கிறதா, பேட்டா தனியாக இருக்கிறதா. டாகோ கணக்கும் சீட்டும் ஒத்துப்போக வேண்டும். முதல் வேலை பெரும்பாலும் அந்தெரிம் ஏஜென்சி, அதாவது தற்காலிக ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாகத்தான் கிடைக்கும். நவம்பரில் ஆரம்பித்து கிறிஸ்துமஸ் வரை பார்சல் குவியும், அப்போது கதவு தானாகத் திறக்கும். ஆகவே பயிற்சியை அக்டோபருக்குள் முடிக்கும்படி திட்டமிடுங்கள்.

பருவநிலைக்கு இரண்டே சொல்கிறேன். மூடுபனியில் 50 மீட்டருக்கு மேல் தெரியவில்லை என்றால் எல்லா வண்டிக்கும் 50 கிலோமீட்டர் வேகம்தான். பார்சல் டிரெய்லருக்கு உயரம் அதிகம், பாரம் குறைவு. ரோன் பள்ளத்தாக்கில் காற்று வீசும்போது பக்கவாட்டில் தள்ளும், தானே புயலைக் கடலூரில் பார்த்தவர்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சனி இரவு 10 முதல் ஞாயிறு இரவு 10 வரை ஏழரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு ஓடத் தடை. அதனால் உங்கள் வாரம் ஞாயிறு இரவு 10 மணிக்குத் தொடங்கும். லா ஷாப்பெல் கடைத்தெருவுக்கும் கல்யாண விருந்துக்கும் சனிக்கிழமையை வைத்துக்கொண்டு, ஞாயிறு மத்தியானம் பேச்சுக்கு இடமில்லாமல் படுத்துவிடுங்கள். இரவு ஒரு மணிக்குப் புளிசாதத்தைக் கட்டி அடித்துவிட்டு ஸ்டியரிங் பிடிக்காதீர்கள், கிளம்பும் முன் சாப்பிட்டுவிட்டு வழியில் பழம், முட்டை, டீ போதும்.

பகல் தூக்கத்துக்கு அங்கே வெளிச்சம் பெரிய எதிரி இல்லை, ஜன்னலுக்கு வெளியே பெரும்பாலும் மூடிக் கதவு இருக்கும். எதிரி நம்மூரிலிருந்து வரும் போன். இங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்து 'பையன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசலாமே' என்று அம்மா எடுக்கும் நேரம் அங்கே காலை பத்து, பத்தரை, நீங்கள் கண்ணயர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம். கிளம்பும் முன்பே வீட்டில் சொல்லிவையுங்கள்: இங்கே இரவு எட்டு மணிக்கு மேல் கூப்பிட்டால் போதும். அங்கே அப்போது மாலை மூன்றரையோ நாலரையோ ஆகியிருக்கும், எழுந்து டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள்.