மெடிக்கலில் ‘ஒரு செட்’ மாத்திரை வாங்குவதற்கு முன்னால்: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு கையேடு

காய்ச்சல் என்றதும் நம் ஊரில் பலர் முதலில் போவது தெருமுனை மெடிக்கலுக்குத்தான். “அண்ணா, காய்ச்சல், சளி, உடம்பு வலி, மூணு வேளைக்கு ஒரு செட் குடுங்க” என்றால் நாலைந்து மாத்திரையைக் கத்தரித்து, சின்னக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஒன்று பாரசிட்டமால், ஒன்று சளிக்கு, ஒன்று வயிற்றுக்கு, பல நேரம் கூடவே ஒரு ஆன்டிபயாடிக். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் “அந்த மாத்திரை நல்லா கேட்டுச்சு” என்று அடுத்த முறையும் அதையே கேட்போம். பெரும்பாலான வைரஸ் காய்ச்சல் எந்த ஆன்டிபயாடிக்கும் இல்லாமலே அந்த இரண்டு மூன்று நாளில் விட்டிருக்கும். அந்த ஒரு மாத்திரையைத் தெரிந்துகொண்டு தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் உறுதியான எண்ணம், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பாக்டீரியா தனியாகப் பிழைக்கிற ஓர் உயிரணு. அதற்குச் சொந்தமாகச் சுவர் உண்டு, புரதம் தயாரிக்கச் சொந்த ஏற்பாடு உண்டு. ஆன்டிபயாடிக் தாக்குவது இவற்றைத்தான்: அமாக்சிசிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாது, அசித்ரோமைசினும் டாக்சிசைக்ளினும் புரதத் தயாரிப்பை நிறுத்தும். வைரஸுக்கு இந்த இரண்டுமே கிடையாது, நம் செல்லுக்குள் புகுந்து நம் செல்லை வைத்தே பெருகுகிறது. ஆகவே சாதாரண சளி, ஃப்ளூ, டெங்கு, சிக்குன்குனியா எதற்கும் ஆன்டிபயாடிக் வேலை செய்ய வழியே இல்லை. ஆனால் விழுங்கியது சும்மா போவதில்லை. குடலில் இருக்கிற கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் மருந்துக்கு அடங்குகிறவை செத்துப்போகும், அடங்காதவை தங்கிப் பெருகும். அது மட்டும் இல்லை, மருந்தை முறியடிக்கும் மரபணுவை ஒரு பாக்டீரியா வேறு இனத்துப் பாக்டீரியாவுக்கே கொடுத்துவிட முடியும். அப்புறம் என்றைக்காவது சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ வந்தால், சாதாரண மாத்திரையில் முடியவேண்டியது அட்மிஷன், ஊசி, டிரிப்ஸ் என்று போகும். 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

முதல் மூன்று நாள்

காய்ச்சல் தொடங்கிய தேதியையும் நேரத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிவிடுங்கள். எந்த நாளில் எந்தப் பரிசோதனை பிடிக்கும் என்பது அதை வைத்துத்தான், டாக்டர் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். கையை வைத்துப் பார்த்து முடிவு செய்யாமல் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்குப் பாரசிட்டமால் 500 அல்லது 650, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு முறைக்கு மேல் வேண்டாம். கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் அதையும் டாக்டரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். குழந்தைகளுக்கு வயதை வைத்து இல்லை, எடையை வைத்துத்தான் அளவு. உடம்பு வலி தாங்கவில்லை என்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் மூன்றையும் தொடாதீர்கள், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகமாக்கும். (இதயத்துக்காக டாக்டர் எழுதி ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் நீங்களாக நிறுத்தாமல் அவரிடமே கேளுங்கள்.) கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். எது இறங்குகிறதோ அதைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீருக்கு என்று அச்சிட்டிருக்கும், ஒரு லிட்டருக்கானதும் இருக்கிறது, 200 மில்லிக்கானதும் இருக்கிறது, அதைப் பார்க்காமல் டம்ளரில் கொட்டிக் கலக்கக் கூடாது.

மூன்று நாள் வரை காத்திருக்கக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தை என்றால் காய்ச்சல் கண்ட உடனே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், கீமோ எடுப்பவர்கள் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். யாராக இருந்தாலும் மூச்சு வாங்குவது, விடாத வாந்தி, வயிற்றில் கடும் வலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், குழப்பமான பேச்சு, கழுத்து விறைப்பு, வலிப்பு, ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகாமல் இருப்பது, இதில் ஒன்று வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.

டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கிறபோது இல்லை, காய்ச்சல் இறங்கிய பிறகான ஒன்றிரண்டு நாள்தான். “விட்டுடுச்சு, இனிமே ஸ்கூலுக்குப் போகலாம்” என்று நாம் நிம்மதியாகிற அந்த நேரத்தில்தான் ரத்தத்தில் உள்ள நீர் கசிந்து பிள்ளை துவண்டுபோகும். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் கண்கொத்திப் பாம்பாகக் கவனியுங்கள்.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அது நம் வெள்ளணுக்கள் வேலை செய்வதால் வருகிற நிறம், வைரஸ் சளியிலும் வரும். ஆனால் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்துகொண்டாலோ, டானிக்கை மாற்றிக்கொண்டு இருக்காமல் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள், காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.

உடம்பில் கருப்புத் திட்டு இருக்கிறதா என்று தேடுங்கள்

இது நம் பக்கத்துக்கு ரொம்ப முக்கியம். மழை முடிந்து பனி தொடங்குகிற மாதங்களில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் நிறைய வருகிறது. வைரஸ் இல்லை, பாக்டீரியா. புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத ஒரு வகை உண்ணியின் குஞ்சு கடித்து வருவது. ஆடு மாடு மேய்க்கிறவர்கள், களை எடுக்கிறவர்கள், வீட்டைச் சுற்றிப் புதர் மண்டியிருப்பவர்கள், வெட்டவெளியில் ஒதுங்குகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் வரும். கடித்த இடத்தில் பீடி நெருப்பு பட்டு ஆறியது போல ஒரு கருத்த பொருக்கு இருக்கும், சுற்றிலும் லேசாகச் சிவந்திருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால்தான் நோயாளிக்கே தெரிவதில்லை. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், தொப்புள், காதுக்குப் பின்னால், பாவாடை நாடாவோ அரைஞாண்கயிறோ இறுக்குகிற இடுப்பு, இங்கெல்லாம் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வயதான அம்மாவுக்கு அவர் கூச்சப்படாத ஒரு பெண்பிள்ளை பார்த்துச் சொன்னால் போதும். பார்த்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்றும் ஆகிவிடாது, பலருக்கு அது வருவதே இல்லை.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ‘செட்’டில் வருகிற அமாக்சிசிலினோ செஃபிக்சிமோ இதற்குக் கேட்கவே கேட்காது. கேட்பது டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும். டாக்சிசைக்ளின் விலை குறைந்த பழைய மாத்திரை, சரியான நேரத்தில் ஆரம்பித்தால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும், தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். நோய் முற்றியவர்களுக்கு அந்த இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பதுதான் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று 2023இல் வெளியான ஆய்வு நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்தியது. கொல்லையில் புதரை வெட்டுங்கள், வயலுக்குப் போனால் முழுக்கைச் சட்டை போடுங்கள், வந்ததும் குளித்துத் துணியை மாற்றுங்கள், கழற்றிய சட்டையைப் புல்மேல் போடாதீர்கள்.

மாத்திரைக்கு முன்னால் கல்ச்சர்

டைஃபாய்டா, ரத்தத்தில் தொற்றா, சிறுநீரில் தொற்றா என்று உறுதியாகத் தெரிய ஒரே நல்ல வழி கல்ச்சர். ரத்தத்தையோ சிறுநீரையோ எடுத்து, அதில் கிருமியை வளரவிட்டு, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்ப்பார்கள். இரண்டு மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள்கூட ஆகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏற்கெனவே இரண்டு வேளை ஆன்டிபயாடிக் போட்டுவிட்டு வந்தால் கிருமி பாதி அடங்கிப்போய், லேபில் வளராது, ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்று வரும், காய்ச்சல் மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் ரத்தம் எடுப்பது, அப்புறம் முதல் மாத்திரை. போட்டுவிட்டு வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல், மிச்சம் இருக்கிற அட்டையையே காட்டுங்கள்.

வைடால் என்ற டெஸ்டை மட்டும் வைத்து டைஃபாய்டு என்று முடிவு செய்வது சரியில்லை. முன்பு வந்துபோன தொற்றிலும் அது பாசிட்டிவ் காட்டும், முதல் வாரத்தில் உண்மையான டைஃபாய்டையே தவறவும் விடும். டெங்குவுக்கு முதல் ஐந்து நாள் என்.எஸ்.1 என்ற ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். என்ற ரத்தப் பரிசோதனை.

கல்ச்சர் ரிப்போர்ட் வாங்கியதும் பாருங்கள். மேலே கிருமியின் பெயர், கீழே வரிசையாக மருந்துகள், ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் எழுத்து. ‘எஸ்’ என்றால் அந்த மருந்துக்கு அடங்கும், ‘ஆர்’ என்றால் அடங்காது. ‘ஆர்’ நிறைய இருந்தால் பயந்துவிடாதீர்கள், ‘எஸ்’ இருக்கிற மருந்துகளில் எது பொருத்தம் என்று டாக்டர் பார்த்துக்கொள்வார். சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள், அடுத்த முறை புது ரிப்போர்ட் வருவதற்கு முன்பே சரியான மருந்தில் தொடங்க அது உதவும். எரிச்சல், காய்ச்சல் எதுவுமே இல்லாமல் மாஸ்டர் செக்கப்பில் சிறுநீரில் பாக்டீரியா என்று வந்தால், கர்ப்பிணிகளைத் தவிர பெரும்பாலானவர்களுக்கு மருந்தே தேவையில்லை.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின் போன்றவற்றுக்குச் சட்டம் இன்னும் கடுமை: 2014 மார்ச் 1 முதல், எழுதிக் கொடுத்த டாக்டர் பெயரும் வாங்குகிறவர் பெயரும் கடைப் பதிவேட்டில் ஏற வேண்டும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை, கேட்பது நாம்தானே. “கோடு போட்ட மாத்திரை வேண்டாண்ணா, பாரசிட்டமால் மட்டும் போதும்” என்று சொல்லிப் பழகுங்கள். டாக்டர் எழுதினாலும் “இது ஆன்டிபயாடிக்கா சார், எதுக்கு, எத்தனை நாளைக்கு?” என்று மரியாதையாகக் கேளுங்கள், நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள், நடுவில் நிறுத்தவும் வேண்டாம், நீங்களாக நீட்டிக்கவும் வேண்டாம். வேண்டாம் என்று டாக்டரே நிறுத்தச் சொல்லி மிச்சம் விழுந்தால் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

வராமல் தடுப்பது

தண்ணீர்தான் முதல். நம் பக்கம் குழாயில் தினமும் வருவதில்லை, வருகிற அன்றைக்குச் சம்ப், டிரம், குடம் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். டெங்குக் கொசுவுக்கு அந்த நல்ல தண்ணீர்தான் வேண்டும். முட்டையிலிருந்து கொசு ஆக ஏழிலிருந்து பத்து நாள், அதனால் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து டிரம்மைக் காலி செய்து உள்பக்கத்தை நாரால் தேயுங்கள். தேய்க்காமல் கவிழ்த்து மட்டும் வைத்தால் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்து தண்ணீர் பிடித்ததும் பொரியும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, வெளியில் கிடக்கும் ஆட்டுக்கல், மாடியில் பழைய டயர், இவற்றையும் மறக்காதீர்கள். குடிக்கிற தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும், ஆறிய பிறகு கைவிட்டு மொள்ளாமல், பிடி நீண்ட கரண்டியாலோ குழாய் வைத்த பாத்திரத்திலோ எடுங்கள். கேன் தண்ணீர் என்பதாலேயே சுத்தம் என்று நம்பிவிட முடியாது. கழிவறைக்குப் போய் வந்தும் சமைப்பதற்கு முன்பும் சோப்பு போட்டுக் கை கழுவுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், சோப்பைக் குழாய்க்குப் பக்கத்திலேயே வைத்தால் நடக்கும்.

குழந்தைக்குத் தடுப்பூசி அட்டையில் ஒன்றும் விடுபடக் கூடாது. வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து தமிழ்நாட்டில் 2017 முதல் இலவசம். இந்தியாவில் தயாரான ரோட்டாவேக்கைக் குழந்தைகளிடம் பெரிய அளவில் சோதித்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று, நம் ஊர்த் தாய்மார்களின் பங்கு அதில் இருக்கிறது. நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசி ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம். டைஃபாய்டு ஊசியைக் காசு கொடுத்துப் போடவேண்டி இருந்தாலும் போடுவது நல்லது. வீட்டில் ஆஸ்துமாவோ சர்க்கரையோ உள்ள பெரியவர்களுக்கு வருடம் ஒருமுறை ஃப்ளூ ஊசி. ஊசி போட்டவர்களுக்கு நோயே குறைகிறது, நோய் குறைந்தால் ஆன்டிபயாடிக்கும் குறைகிறது.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போட்டால், மருந்தில் குறிப்பிட்ட நாள் வரைக்கும் அந்தப் பாலைச் சொசைட்டியில் ஊற்றாதீர்கள், வீட்டுக்கும் கன்றுக்கும்கூட வேண்டாம். நஷ்டம்தான், எனக்குப் புரிகிறது, எத்தனை நாள் என்று கால்நடை டாக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டால் குறைந்தபட்சம் தயாராக இருக்கலாம். கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சேர்ப்பதற்கு 2019இலேயே தடை வந்துவிட்டது. மனிதர்களுக்கு வேறெதுவும் கேட்காதபோது கடைசியாக எடுக்கிற மருந்துகளில் ஒன்று அது.

கடைசியாக ஆஸ்பத்திரி. நம் ஊரில் யாராவது ஒருவர் எப்போதும் அட்மிட் ஆகியிருப்பார், கூட்டமாகப் போய்ப் பார்ப்பது நம் வழக்கம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் அதிகம் சுற்றுவது வார்டிலும் ஐ.சி.யு.விலும்தான், ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு அவை போவது பெரும்பாலும் கை வழியாகத்தான். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் வாசலில் உள்ள திரவத்தைக் கையில் தேய்த்துக் காயவிடுங்கள். படுக்கையில் உட்காராதீர்கள், சளி காய்ச்சல் இருந்தால் ஃபோனில் பேசுங்கள், சின்னப் பிள்ளைகளை வீட்டில் விட்டுப் போங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்பவர் தினமும் காலையில் நர்ஸிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: “சிஸ்டர், இந்த யூரின் டியூப் இன்னைக்கும் வேணுமா?” தேவை முடிந்த டியூபும் கையில் குத்திய ஊசியும் ஒரு நாள் முன்னால் வெளியே வந்தால், தொற்று நுழைகிற வழி ஒரு நாள் முன்னாலேயே அடைபடுகிறது.