கயிறு இழுப்பதற்கு முன்னும் பின்னும்: அவுட்போர்டு இன்ஜின் பழகுகிறவர்களுக்கு

ஃபைபர் படகின் பின்பலகையில் மாட்டி, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்து, கைப்பிடியால் ஓட்டுகிற சிறிய டூ-ஸ்ட்ரோக் இன்ஜினை மனதில் வைத்து எழுதுகிறேன். கடற்கரையில் புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது இதில்தான்.

முதலில் மாட்டுவது. இன்ஜின் பின்பலகையின் நடுவில் உட்கார வேண்டும். இரண்டு கிளாம்ப் திருகுகளையும் நன்றாக இறுக்குங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடியும் இறுக்குங்கள், அதிர்வில் தளர்ந்திருக்கும். இன்ஜினைப் படகோடு சேர்த்து ஒரு சங்கிலியும் போட்டுவிடுங்கள். அப்புறம் உயரம். புரொப்பெல்லருக்குச் சற்று மேலே படுக்கைவாக்கில் ஒரு தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருந்தால் சரி. அதிகம் மேலே போனால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கும். இன்ஜின் அலறும், படகு நகராது.

எண்ணெய்க் கலவைக்கு இன்ஜினோடு வந்த கையேடு சொல்வதுதான் கணக்கு. 50:1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில். புது இன்ஜினுக்கு முதல் சில மணி நேரம் ஆயில் கூடுதலாகக் கேட்பார்கள். டேங்கைப் படகிலிருந்து இறக்கி, கரையில் வைத்து நிரப்புங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின் என்றால் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மாற்றுங்கள். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்கு வந்துவிடுங்கள். இல்லையென்றால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த நாள் காலையில் கை ஓயும்வரை இழுக்க வேண்டியிருக்கும்.

லைஃப் ஜாக்கெட் போட்டாயிற்றா? இப்போது அந்தச் சிவப்புச் சுருள் கயிறு. ஒரு முனை இன்ஜினின் நிறுத்தும் பொத்தானில், மறு முனை உங்கள் மணிக்கட்டில். பலர் இதை இன்ஜினிலேயே சுற்றி வைத்துவிடுகிறார்கள், பார்க்கவே பதறுகிறது. ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் கைப்பிடி தானாக ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே வரும். கயிறு கையில் இருந்தால் அவர் விழுந்த நொடியிலேயே இன்ஜின் அணைந்துவிடும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான படகுகளில் 2021 ஏப்ரல் முதல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

இனி ஸ்டார்ட். இன்ஜினைத் தண்ணீரில் இறக்குங்கள். டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறங்கள். எரிபொருள் குழாயில் இருக்கும் ரப்பர் பல்பை, கெட்டியாகும்வரை அமுக்குங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். குளிர்ந்த இன்ஜின் என்றால் சோக்கை இழுங்கள். உங்கள் கை பின்னால் போகும் இடத்தில் யாரும் நிற்கக் கூடாது. கயிறு பிடிமானம் கொடுக்கும்வரை மெதுவாக இழுத்து, அங்கிருந்து ஒரே வீச்சில் இழுங்கள்.

இன்ஜின் பிடித்ததும் முதல் பார்வை பின்பக்கச் சிறு துளைக்குப் போக வேண்டும். அதிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்க வேண்டும். குளிர்விக்கும் தண்ணீர் ஏறுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒருமுறை கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பீச்சல் மெலிந்து, சொட்டாகி, நின்றுபோனது. உடனே அணைத்து, இன்ஜினைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் இழுக்கும் சல்லடையில் ஒரு பால் கவர் ஒட்டியிருந்தது. உரித்துப் போட்டதும் சரியாகிவிட்டது. இன்னும் சில நிமிடம் கவனிக்காமல் ஓட்டியிருந்தால் பிஸ்டன் இறுகியிருக்கும். தண்ணீர் இல்லாமல் கரையில் வைத்து ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம், பம்பின் ரப்பர் தேய்ந்துபோகும்.

கியரை மாற்றும்போது ஆக்சிலேட்டர் முழுவதும் குறைந்திருக்க வேண்டும். முன்னிலிருந்து பின்னுக்குப் போகும் வழியில் நியூட்ரலில் ஒரு மூச்சு நில்லுங்கள். கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். இது கைக்குப் பழகும்வரை வேகம் வேண்டாம்.

ஓடும்போது அணியம், அதாவது படகின் முன்முனை, வானத்தைப் பார்த்தால் இன்ஜின் பின்பலகையை விட்டு அதிகம் விலகிச் சாய்ந்திருக்கிறது. அணைத்துவிட்டு, இன்ஜினின் சாய்வைத் தாங்கிப் பிடிக்கும் ஊசியைப் படகுப் பக்கமாக ஒரு துளை மாற்றுங்கள். அணியம் அலையில் குத்தினால் ஒரு துளை வெளியே. எப்போதும் ஆட்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சோதியுங்கள்.

தண்ணீரில் இருக்கும் ஒருவரை ஏற்றும்போது நியூட்ரல் போதாது, இன்ஜினையே அணைத்துவிடுங்கள்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் டிரம்மில் இன்ஜினின் காலை, அதாவது புரொப்பெல்லர் இருக்கும் கீழ்ப்பகுதியை, இறக்கி, நியூட்ரலில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். உப்பு கழுவிப் போகும். கழற்றித் தூக்கிப் போகும்போது தலைப்பகுதி எப்போதும் புரொப்பெல்லரைவிட உயரமாகவே இருக்கட்டும். தாழ்ந்தால் காலில் தேங்கிய தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.